பாட்டின் பெயரும் பாடிய களமும்

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, கூத்துக் கலைஞர்களே, மாணவச் செல்வங்களே,

நமது வன்னிக் கோயில் திருவிழாக்களில் இரவு நெடுநேரம் நடைபெறும் மெல்லிசை நிகழ்ச்சியை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள்; திருவிழாவுக்கு வராமல் அடுத்த ஊரில் படுத்திருந்தவர்களும் கேட்டிருப்பார்கள். அந்த ஒலிபெருக்கிகளுக்கு முன்னால் நின்றுகொண்டு இதில் மென்மை எங்கே என்று கேலி செய்வது எளிது. ஆனால் வானொலியில் இச்சொல் வழங்கத் தொடங்கியபோது அதில் ஒலியின் அளவு பேசப்படவில்லை. இராக விரிவும் தாளக் கணக்கும் குறைந்த, கேட்பவரிடம் சங்கீதப் பயிற்சியை எதிர்பாராத பாட்டு என்பதே அதன் கருத்து. தமிழ்நாட்டில் விசுவநாதன், இராமமூர்த்தி இருவருக்கும் 1963ஆம் ஆண்டில் மெல்லிசை மன்னர்கள் என்ற பட்டம் வழங்கப்பட, அச்சொல் திரைப்பாட்டோடு ஒட்டிக்கொண்டது. இலங்கை வானொலியிலோ, நம்மவர் எழுதி நம்மவர் இசையமைத்த, திரைப்படத்தோடு தொடர்பில்லாத பாட்டுக்கே ஈழத்து மெல்லிசை என்று பெயர் வழங்கிற்று. பாக்கு நீரிணையின் அக்கரையில் திரைப்பாட்டைக் குறித்த அதே சொல், இக்கரையில் திரைப்பாட்டுக்கு மாற்றாக எழுந்ததைக் குறித்தது. இன்று திருவிழா மேடையில் இரண்டும் கலந்தே ஒலிக்கின்றன. சுவரொட்டியில் மெல்லிசை என்று இருந்தால் வாத்தியக் குழு வருகிறது என்பதற்கு மேல் எதுவும் விளங்குவதில்லை.

இசைவகைப் பெயர்கள் காலப்போக்கில் பொருளிழக்கின்றன என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். என் கணிப்பில், அப்பெயர்கள் பிறக்கும்போது பெரும்பாலும் இசையின் இலக்கணத்தைச் சொல்வதேயில்லை. யார் பாடினார்கள், எந்த வேலைக்கிடையில் பாடினார்கள், யாருக்கு விற்பதற்காகப் பதிவு செய்தார்கள் என்பவற்றையே அவை சொல்கின்றன. அந்தச் சூழல் கலைந்த பிறகு, பெயர் எஞ்சிய ஒலியின்மேல் போய் அமர்ந்துகொள்கிறது.

அமெரிக்காவில் கறுப்பின மக்களின் இசைத்தட்டுகளை இனத்தின் பெயரால் வகைப்படுத்தி விற்ற காலம் ஒன்று இருந்தது. பில்போர்ட் என்ற வணிக இதழ் 1949இல் அந்தப் பெயரை விலக்கி, ரிதம் அண்ட் புளூஸ் என்ற தலைப்பை அப்பட்டியலுக்கு இட்டது. வாங்குவோர் யார் என்பதைக் குறிக்கக் கடைக்காரருக்குத் தேவைப்பட்ட தலைப்பு அது. இன்று ஆர் அண்ட் பி என்று சுருங்கிய பெயரில் வரும் பாட்டில், அம்மக்களின் பழைய பாட்டு வகையான புளூஸின் சாயல் பெரும்பாலும் இருப்பதில்லை. இன்டி என்ற பெயரும் பெரிய நிறுவனங்களைச் சாராமல் வெளியான இசைத்தட்டைச் சுட்டப் பிறந்து, பிறகு ஒரு பாணியின் பெயராயிற்று; பெரிய நிறுவனங்களே அப்பெயரில் பாட்டு வெளியிடுவதையும் கண்டுவிட்டோம்.

நமது தீவின் பைலாவுக்கு வருவோம். ஆடுதல் என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஐரோப்பிய வழிவந்த பறங்கியரிடமும், ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட காபிரி மக்களிடமும் வளர்ந்த ஆட்டப் பாட்டு மரபை, கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் வொலி பஸ்தியான் சிங்களத்தில் பாடிப் பரப்பினார். வாத பைலா என்றொரு கிளை உண்டு. கொடுத்த பொருளின்மேல் இருவர் மேடையிலேயே பாட்டுக் கட்டிப் போட்டியிடுவார்கள். இன்று அந்தப் போட்டியை அறியாதவர்களும் கலியாண வீட்டில் துள்ளலாக ஒலிக்கும் எதையும் பைலா என்கிறார்கள். இதிலும் சுவையான சங்கதி, 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் குரலில் நம்மிடையே பரவிய பொப் இசையாகும். பெயர் மேல்நாட்டிலிருந்து வந்தது. தாளமோ பெரும்பாலும் நமது தீவின் பைலாத் தாளம். அக்காலத்து இலண்டன்காரர் ஒருவருக்கு இதைப் போட்டுக் காட்டியிருந்தால், பொப் என்ற பெயரைத் தவிர வேறெதையும் அவர் அடையாளம் கண்டிருக்க மாட்டார்.

பழந்தமிழில் பண் என்ற சொல் எல்லா இசைக்கும் உரியதாக இருந்தது. அகநானூற்றின் 102ஆம் பாட்டில், மலைச்சாரலில் குறமகள் குறிஞ்சிப் பண்ணைப் பாட, தினைக்கதிரை உண்ண வந்த யானை அதையும் மறந்து உறங்கிப்போகிறது. (நமது வயல்களுக்கு வரும் யானைகள் வெடிக்கே அசைவதில்லை, அவற்றுக்குப் பண் பாடிப் பார்த்தவர் எவருமில்லை என்று நினைக்கிறேன்.) தேவாரத்திலும் குறிஞ்சிப் பண் உண்டு, ஓதுவார்கள் அதை அரிகாம்போதியில் பாடுகிறார்கள். கச்சேரி மேடையில் குறிஞ்சி என்றால் சங்கராபரணத்தில் பிறந்த வேறொரு இராகம். நிலத்துக்கும் தினைப்புனக் காவலுக்கும் உரியதாயிருந்த பெயர், கோயிலுக்குள் ஒன்றாகவும் சபாவுக்குள் இன்னொன்றாகவும் பிரிந்து நிற்கிறது. நமது பாடசாலைகளிலோ பண்ணிசை என்ற சொல்லுக்குத் திருமுறை பாடுதல் என்பதே பொருள். காதலையும் காவலையும் பாடிய பண்கள் அச்சொல்லிலிருந்து மெல்ல வெளியேறிவிட்டன.

இனி நமது வயலுக்கு வருகிறேன். கதிர் அறுக்கும்போது பாடிய அரிவி வெட்டுப் பாட்டு, குவித்த நெற்கதிரை மாடுகளைக் கொண்டு மிதிப்பிக்கும்போது பாடிய சூடு மிதிப்புப் பாட்டு என்ற பெயர்களை இட்டவர்கள் வேலை செய்தவர்களே. ஒருவர் எடுத்துக் கொடுக்க வரிசையாக நின்றவர்கள் வாங்கிப் பாடும்போது, பாட்டின் வேகம் கையின் வேகத்தைப் பொறுத்தது. இரவில் மாடுகளைச் சூட்டில் வளைத்து நடத்தும்போது, பாட்டு மாட்டின் நடையையும் மனிதரின் தூக்கத்தையும் பொறுத்தது. உழவு இயந்திரம் சூடு மிதிக்க வந்தது. பின்னர் அறுவடை இயந்திரம் வெட்டையும் மிதிப்பையும் சேர்த்தே முடித்தது. வேலை போனது, பாட்டு மேடைக்கு வந்தது. தமிழ்த்தினப் போட்டியில் அட்டை அரிவாளோடு பிள்ளைகள் பாடும்போது இரண்டுக்கும் பொதுவாக நாட்டார் பாடல் என்று சொல்கிறோம். இது படித்தவர் வைத்த பெயர். வயலில் நின்றவர் எவரும் தம் பாட்டை அப்படி அழைத்ததில்லை. பொதுப்பெயர் வந்ததும் வேக வேறுபாடு மறைகிறது: வெட்டுக்குரிய மெட்டும் மிதிப்புக்குரிய மெட்டும் ஒரே ஆர்மோனியத்தில், ஒரே தாளத்தில் அமர்கின்றன. பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்குக் கிடைத்த தாளில் சொற்கள் மட்டுமே இருந்தன.

பண்டிப் பள்ளையும் பாருங்கள். பள்ளு என்பது புலவர் வழக்கில் உழவரின் வாழ்வைப் பாடும் பிரபந்தம். வன்னியில் அப்பெயர் பயிரை அழிக்க வரும் பன்றிக் கூட்டத்தின் கதைக்கு ஆகிவந்தது. யானையைக் கட்டிய அரியாத்தையின் கதைப்பாட்டு ஒப்பாரி என்றே வழங்குகிறது. அங்கே இழவு வீட்டின் பெயர் ஒரு வீரக் கதையைத் தாங்கி நிற்கிறது. இவற்றை நான் இழப்பாகக் கருதவில்லை. இடம் மாற்றியவர்கள் பாடிக்கொண்டிருந்தவர்களே. பழைய பெயரை எதற்காக எடுக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வழிபாட்டோடு சேர்ந்த, கண்ணகியின் கதையைப் படிக்கும் சிலம்பு கூறலின் நிலை வேறு. அதற்குப் பொங்கல் உண்டு, வைகாசி மாதம் உண்டு, கேட்க வேண்டிய அம்மன் உண்டு. ஆதலால் அப்பெயர் இன்னும் தன் செயலையே குறிக்கிறது. அரிவி வெட்டுப் பாட்டுக்கு அப்படியொரு காவல் இல்லை. இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்கள், பாட்டுத் தெரிந்த முதியவர்களின் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்கிறார்கள் என்று அறிகிறேன். பதிவைத் தொடங்கும்போது பாட்டின் பெயரோடு, அதை எந்த வேலைக்கு, எந்தப் போகத்தில், எத்தனை பேர் நின்று பாடினார்கள் என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். முடிந்தால் கையை அசைத்தபடியே பாடச் சொல்லுங்கள்.