முன்னாடி போற வண்டி ஏன் மெதுவா போகுது?

நேயர்களுக்கு வணக்கம். நம்ம பெங்களூர்ல டிரைவிங் கத்துக்க வர்றவங்க ஓவர்டேக் பத்தி கேட்டா ஓசூர் ரோடு, தும்கூர் ரோடுன்னு பெரிய ரோடை நினைச்சுதான் கேப்பாங்க. அல்சூர்லயோ லிங்கராஜபுரத்துலயோ ஒரு கிராஸ் ரோடு, ரெண்டு பக்கமும் கார் நிறுத்தி வச்சிருக்கு, நடுவுல ஒரு ஆட்டோ ஊர்ந்துட்டு போகுது, அதை தாண்டலாமா வேணாமான்னு யாரும் கேக்கறதே இல்ல, ஹார்ன் அடிச்சுட்டு தாண்டிடறாங்க. அதைப் பத்திதான் இன்னைக்கு பேசப்போறேன்.

சின்ன கணக்கு ஒண்ணு போடுவோம். ஆட்டோ மணிக்கு 20 கிலோமீட்டர்ல போகுது, நீங்க கார்ல 30ல போறீங்க. அதுக்கு பின்னாடி 5 மீட்டர் இருந்து கிளம்பி முன்னாடி 5 மீட்டர் விட்டு திரும்ப உள்ள வர்றதுக்கு சுமார் 6 செகண்ட் ஆகும், அதுக்குள்ள உங்க கார் 50 மீட்டர் ஓடியிருக்கும். எதிர்ல ஒரு பைக் அதே 30ல வந்தா அதுவும் 50 மீட்டர் வந்திருக்கும். ஆக 100 மீட்டர் காலியா தெரிஞ்சாதான் ஏதோ பரவால்ல, அதுவும் நூலிழைதான். நம்ம ஊர்ல வீட்டு சைட்டுன்னா 30க்கு 40 அடி தானே, அப்போ 30 அடிக்கு ஒரு கேட். அந்த 50 மீட்டர்ல ஒரு பக்கம் அஞ்சு கேட், எதிர்ப்பக்கம் அஞ்சு. எதுல இருந்து ஸ்கூட்டர் ரிவர்ஸ்ல வரும், எதுல இருந்து குழந்தை பந்து பின்னாடி ஓடி வரும்னு யாருக்கு தெரியும்?

சரி சார், 50ல அழுத்தி சீக்கிரமா தாண்டிட்டா? கேப்பாங்க, கண்டிப்பா ஒருத்தர் கேப்பாரு. 30ல போனா, காய்ஞ்ச ரோட்ல, பிரேக்ல கால் போற நேரத்தையும் சேர்த்து சுமார் 14 மீட்டர்ல நிக்கலாம், 50ல அதுவே டபுள். இவ்ளோ பண்ணி என்ன கிடைச்சுது? 300 மீட்டர் தெருல 20க்கு பதிலா 30ல போனா 18 செகண்ட் மிச்சம், அதை மெயின் ரோடு சிக்னல் முழுங்கிடும்.

இதைவிட எனக்கு முக்கியமா படறது வேற. முன்னாடி போறவர் ஏன் மெதுவா போறாருன்னு யோசிங்க. அவருக்கு தெரியுது, உங்களுக்கு தெரியல, அவ்ளோதான் வித்தியாசம். பெயின்ட் போன ஸ்பீட் பிரேக்கர் இருக்கும், நாய் படுத்திருக்கும், மழை பேஞ்சிருந்தா தண்ணிக்கு அடியில பள்ளம் இருக்கும், அதுக்கு அவர் திடீர்னு ரைட்ல ஒடிப்பாரு, நீங்க அப்போ அவருக்கு ரைட்ல இருப்பீங்க. டெலிவரி பையன்னா வீட்டு நம்பர் தேடிட்டு போறான், எந்த நிமிஷமும் குறுக்க திரும்புவான். ஆட்டோக்காரர் இண்டிகேட்டர் போடுவாருன்னு காத்திருக்காதீங்க, காலை வெளிய நீட்டுறாரா, தலை எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாருங்க (இதெல்லாம் எந்த லைசன்ஸ் டெஸ்ட்லயும் வராது).

ஓவர்டேக்கே வேணாம்னு சொல்லல. குப்பை ஆட்டோ நிக்குது, தண்ணி டேங்கர் நிக்குது, சுத்திதான் போயாகணும். அதுக்கு பின்னாடி ஒட்டிட்டு நிக்காதீங்க, தள்ளி நின்னாதான் ரெண்டு பக்கமும் தெரியும். டேங்கருக்கு அடியில பாருங்க, அந்தப் பக்கம் நடக்கறவங்க கால் தெரியும். ஓரமா நிக்கற கார்ல யாராவது உக்காந்திருக்காங்களா, பிரேக் லைட் எரியுதா, இருந்தா கதவு திறக்கலாம், ஒரு கதவு அகலம் தள்ளி போங்க. ஸ்கூல் வேன் நின்னா மட்டும் நீங்களும் நின்னுடுங்க, அது கிளம்பற வரைக்கும்.

சட்டமும் இதையேதான் சொல்லுது. முன்னாடி ரோடு தெரியாத வளைவுல, மறைப்புல ஓவர்டேக் கூடாது. மோட்டார் வாகன சட்டத்துல 2019 திருத்தத்துக்கு அப்புறம் விதி மீறின ஓவர்டேக் 184ஆவது பிரிவுல ஆபத்தான டிரைவிங் லிஸ்ட்லயே வந்துடுச்சு, முதல் தடவைக்கே 1,000ல இருந்து 5,000 ரூபாய் வரைக்கும் ஃபைன், ஜெயிலுக்கும் இடமிருக்கு.

இன்னொண்ணு, பின்னாடி ஒருத்தர் ஹார்ன் அடிச்சு உயிரை எடுத்தா வேகத்தை ஏத்தாதீங்க, லெஃப்ட்ல இடம் கிடைக்கற இடத்துல ஒதுங்கி விடுங்க. ஆனா கை காட்டி "போங்க சார்"னு மட்டும் சொல்லாதீங்க, எதிர்ல வண்டி வருதான்னு அவரே பாத்துக்கட்டும்.