ரெண்டாவது வந்த குதிரையைப் பாருங்க: 140ங்கிற நம்பர் எங்கேர்ந்து வருது?

வணக்கம் மக்களே. ஆடியோ வருதா? வருது. மேல ஃபேன் ஓடுது, அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கோங்க, நிறுத்துனா நான் இங்கேயே உருகிடுவேன்.

போன வீடியோ கமென்ட்ல ஒருத்தர் கேட்டிருந்தாரு: "உலகத்துலயே பெஸ்ட் ரேஸ் குதிரை எது? ஃப்ராங்கெலும் ஃப்ளைட்லைனும் ரெண்டும் 140ன்னு போட்டிருக்கான், அது என்ன மார்க்கு?" பதில் டைப் பண்ண ஆரம்பிச்சேன், போய்க்கிட்டே இருந்துச்சு. அதான் வீடியோவா போட்டுடலாம்னு. முதல்லயே சொல்லிடறேன், இது பந்தயம் கட்டச் சொல்ற வீடியோ இல்ல. எங்க மாமா ஒருத்தர் கிண்டி ரேஸ் கோர்ஸுக்கு ரேஸ் புக்கும் கையுமா போவாரு. அதுக்காக அத்தைகிட்ட அவர் வாங்கின திட்டையெல்லாம் நான் நேர்ல கேட்டிருக்கேன். ஆனா அவர் ஒண்ணு சொல்வாரு: "ஜெயிச்ச குதிரையை எல்லாரும் பார்ப்பான்டா. நீ ரெண்டாவது எது வந்துச்சுன்னு பாரு." அதை மனசுல வெச்சுக்கோங்க.

சரி, நம்பருக்கு வருவோம். இது நூத்துக்கு எத்தனைங்கிற மார்க் இல்ல. பவுண்டுக் கணக்கு, அதாவது எடை. இந்தா, ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில். தெரியுதா? உலக ரேஸ் குதிரைங்களோட தரவரிசைன்னு வருஷா வருஷம் ஒரு லிஸ்ட் வரும். 2022 லிஸ்ட்ல ஃப்ளைட்லைன் 140, அதுக்கு அடுத்து பாயீட்ங்கிற குதிரை 135. வித்தியாசம் அஞ்சு பவுண்டு, ரெண்டேகால் கிலோ. ஃப்ளைட்லைன் முதுகுல ஜாக்கியோட சேர்த்து இந்த ஒரு பாட்டிலை, அதுக்கும் மேல கொஞ்சத்தை, கூடுதலா ஏத்திவிட்டா ரெண்டு குதிரையும் சரிக்குச் சமமா வந்து நிக்கும். அந்த 5க்கு அர்த்தம் அவ்வளவுதான். இதுல வேடிக்கை என்னன்னா, ரெண்டும் ஒரே ரேஸ்ல ஓடினதே இல்ல. ஒண்ணு அமெரிக்காவுல மண் தரையில, இன்னொண்ணு இங்கிலாந்துல புல் தரையில.

அப்போ எப்படி ஒப்பிடறாங்க? அங்கதான் மாமா வர்றாரு. பல நாட்டு ஹேண்டிகேப்பருங்க, அதாவது குதிரைங்களுக்கு இந்த நம்பரைப் போடற ஆளுங்க, வருஷக் கடைசியில ஹாங்காங்ல உக்காந்து பேசி முடிவு பண்றாங்க. முதல்ல பார்க்கறது எத்தனை லெங்த்ல ஜெயிச்சுதுன்னு. ஒரு லெங்த்துன்னா ஒரு குதிரை நீளம், ஏறத்தாழ ரெண்டரை மீட்டர். குறுகின தூர ரேஸ்னா ஒரு லெங்த்துக்குச் சுமார் மூணு பவுண்டு, ஒரு மைல்னா ரெண்டு, ஒண்ணரை மைல்னா ஒண்ணரை. தூரம் கூடக்கூட இடைவெளி சுலபமா விரியும், அதான் மதிப்பு குறையுது. அடுத்த கேள்வி, யாரை ஜெயிச்சுது? தோத்த குதிரை அன்னிக்கு முழு பலத்தோட ஓடுச்சா, இல்ல ஏனோதானோன்னு ஓடுச்சா?

ஃப்ளைட்லைனை எடுத்துக்கோங்க. 2022, டெல் மார் மைதானம், பசிஃபிக் கிளாசிக், 2000 மீட்டர். பத்தொன்பதே கால் லெங்த்ல ஜெயிச்சுது. நாலு டவுன் பஸ்ஸை வரிசையா நிறுத்தினா எவ்வளவு இடம் வருமோ அவ்வளவு தூரம்! கடைசியில ஜாக்கி ஃப்ளேவியன் ப்ராட் அதை விரட்டவே இல்ல. ரெண்டாவது வந்தது கன்ட்ரி கிராமர். அதே வருஷம் மார்ச்ல துபாய் வேர்ல்ட் கப் ஜெயிச்ச குதிரை அது, லேசுப்பட்ட ஆள் இல்ல.

இப்ப நீங்களே கணக்குப் போடுங்க. லெங்த்துக்கு ஒண்ணரை பவுண்டுன்னு கஞ்சத்தனமா வெச்சாலும் 28 பவுண்டுக்கு மேல வருது. உலக லிஸ்ட்ல இடம் பிடிக்கவே 115 வேணும். கன்ட்ரி கிராமருக்கு வெறும் 115னு வெச்சாக்கூட ஃப்ளைட்லைன் 143ஐத் தாண்டிடும். ஆனா குடுத்தது 139. அது 140 ஆனது வருஷக் கடைசியில, கீன்லேண்ட்ல பிரீடர்ஸ் கப் கிளாசிக்கை எட்டேகால் லெங்த்ல ஜெயிச்சதுக்கு அப்புறம். அப்படின்னா என்ன அர்த்தம்? டெல் மார்ல கன்ட்ரி கிராமர் தன்னோட தரத்துக்கு ஓடலைன்னு ஹேண்டிகேப்பருங்க முடிவு பண்ணியிருக்காங்க. கணக்கு பாதி, மனுஷன் போடற மதிப்பு பாதி.

இன்னொரு விஷயம். இந்த நம்பர் அந்த வருஷத்தோட ஒரே ஒரு நல்ல நாளுக்குத்தான், வருஷம் பூரா ஓடினதோட சராசரி கிடையாது. பாயீட் அந்த ஆகஸ்ட்ல இங்கிலாந்துல யார்க் மைதானத்துல மிஷ்ரிஃப்ங்கிற குதிரையை ஆறரை லெங்த்ல ஜெயிச்சுது. அப்புறம் அக்டோபர்ல அஸ்காட்ல, அதோட கடைசி ரேஸ்ல, நாலாவதா வந்துச்சு. வாழ்க்கையிலேயே ஒரே தோல்வி. நம்பர் குறைஞ்சுதா? இல்லையே, 135 அப்படியே நிக்குது. அதே காரணத்தாலதான் மொத்தமே ஆறு ரேஸ் ஓடின ஃப்ளைட்லைனும் 14 ரேஸ்ல தோல்வியே பார்க்காத ஃப்ராங்கெலும் ஒரே படியில. ஆஸ்திரேலியாவுல வின்க்ஸ் தொடர்ச்சியா 33 ரேஸ் ஜெயிச்சுது, 2018ல அதுக்கு 130தான். பெண் குதிரைங்கிறதால ரேஸ்ல மூணு நாலு பவுண்டு சலுகை உண்டு, அதையும் சேர்த்துப் பார்க்கணும். சேர்த்தாலும் 140 வராது. எனக்கு இதுல கோவம் உண்டு. வருஷக்கணக்கா தோக்காம இருக்கறதுக்கு இந்த லிஸ்ட்ல ஒரு பவுண்டுகூட கிடையாது!

இப்ப மசாலா. இந்த வரிசை ஆரம்பிச்சது 1977ல, பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ் மூணும் சேர்ந்து. அதனால 1973ல பெல்மான்ட்ல 31 லெங்த்ல ஜெயிச்ச செக்ரடேரியட்டை இதுல தேடாதீங்க. 1986ல டான்ஸிங் பிரேவுக்கு 141 குடுத்தாங்க, அதுதான் ரொம்ப நாள் உச்சம். 2012ல ஃப்ராங்கெலுக்கு 140. அப்போ ரெண்டாவது இடம்தானே? 2013 ஜனவரியில என்ன பண்ணாங்க தெரியுமா, பழைய காலத்து நம்பரெல்லாம் ஊதிப் போயிருக்குன்னு சொல்லி மொத்தமா திருத்தினாங்க. டான்ஸிங் பிரேவ் 138 ஆச்சு, ஷெர்கர் 140லேர்ந்து 136 ஆச்சு. ஃப்ராங்கெல் முதலிடம்.

பெரிய சண்டை ஆச்சு இதுல. பழைய வருஷத்துப் புள்ளி கொஞ்சம் தாராளமா இருந்திருக்கலாம், ஒத்துக்கறேன். ஆனா நேரம் பார்த்தீங்களா? ஃப்ராங்கெல் ஓடி முடிச்ச கையோட. ஒரு கூத்து சொல்றேன், டான்ஸிங் பிரேவ், ஃப்ராங்கெல் ரெண்டுக்கும் ஓனர் ஒருத்தரேதான், சவுதி இளவரசர் காலித் அப்துல்லா. ஒரு பையில எடுத்து இன்னொரு பையில போட்ட கதை.

அதுக்காக ஃப்ராங்கெல் சும்மான்னு சொல்லல. மாமா சொன்னபடி ரெண்டாவது யாருன்னு பாருங்க. 2012ல யார்க்ல ஏழு லெங்த்ல அது ஜெயிச்சது ஃபார்ங்கிற குதிரையை. அந்த ஃபார் அடுத்த வருஷம் லாக்கிஞ், சாம்பியன் ஸ்டேக்ஸ்னு ரெண்டு பெரிய ரேஸைத் தூக்கிட்டுப் போச்சு. அப்புறம் எக்ஸெலிப்ரேஷன்னு ஒரு குதிரை. பாவம்ங்க அது. ஃப்ராங்கெல்கிட்ட அஞ்சு தடவை தோத்துச்சு. ராயல் அஸ்காட்ல, 2012 குயின் ஆன் ஸ்டேக்ஸ்ல, பதினோரு லெங்த்! வீடியோவுல ஃப்ராங்கெலைப் பார்க்காம பின்னாடி வர்ற அதை மட்டும் பாருங்க. நல்லாத்தான் ஓடும், ஜாக்கி விரட்டிக்கிட்டே இருப்பாரு, முன்னாடி இருக்கற இடைவெளி மட்டும் பெருசாயிட்டே போகும்.

ஃப்ராங்கெல் இல்லாத ரேஸ்லதான் எக்ஸெலிப்ரேஷனுக்கு வழி கிடைச்சுது. பிரான்ஸ்ல ஒரு பெரிய ரேஸ் ஜெயிச்சுது. 2012 அக்டோபர் 20ம் தேதி அஸ்காட்ல குயின் எலிசபெத் ஸ்டேக்ஸை மூணு லெங்த்ல ஜெயிச்சுது. அதே நாள், அதே மைதானத்துலதான் ஃப்ராங்கெலோட கடைசி ரேஸ். மறுநாள் பேப்பர்ல யார் படம் பெருசா வந்திருக்கும்னு நான் சொல்லணுமா?

சரி, பாட்டில் தண்ணியைக் குடிச்சிடறேன், தொண்டை வறண்டுபோச்சு. அந்த குயின் ஆன் ரேஸைப் பார்த்துட்டு கமென்ட்ல சொல்லுங்க. பை.