நாற்காலியிலிருந்து தொடங்குங்க

நேயர்களுக்கு வணக்கமுங்க.

நுரையீரல் புற்றுநோய்க்கு வைத்தியம் நடக்கிற வீட்டில் அடிக்கடி காதில் விழுவது, "நீங்க படுங்க, வேலையை நாங்க பார்த்துக்கறோம்" என்பதுதான். பாசத்தில் சொல்வது. ஆனால் படுத்தே கிடந்தால் முதலில் கரைவது தொடைச் சதை. சதை இளைத்த கால் பத்தடியிலேயே களைத்து, மூச்சை அதிகமாகக் கேட்கும். மூச்சு வாங்குகிறதே என்று மறுபடி படுப்பார்கள். சதை இன்னும் கரையும்.

வாரம் 3 நாள், நாளுக்கு 30 நிமிடம் நடை போன்ற மிதமான பயிற்சி என்று புற்றுநோயாளிகளுக்காக 2019-ல் வந்த சர்வதேசப் பரிந்துரை சொல்கிறது. அது போய்ச் சேர வேண்டிய இடம். கீமோ ஏறிய மூன்றாம் நாளே அங்கிருந்து தொடங்க முடியாது.

தொடக்கம் ஒரு நாற்காலிதானுங்க. கயிற்றுக் கட்டில் வேண்டாம், அது குழியும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்க. இல்லாவிட்டால் பின்னால் நழுவும். பாதத்தைச் சற்று உள்ளே இழுத்து, முன்னால் சாய்ந்து, மூச்சை வெளியே விட்டபடி எழுங்க. மூச்சை அடக்கி எழுந்தால் தலை சுற்றும். 5 தடவை, சித்த நேரம் ஓய்வு, மறுபடி 5. காலையில் ஒருமுறை, பொழுதோட ஒருமுறை.

நடை 5 நிமிடமாக மூன்று வேளை போதும். நடக்கும்போது பேச வரவேண்டும், பாட வரக்கூடாது. வேகத்துக்கு அதுதான் அளவு. மூச்சு வாங்கினால் நின்று, மூக்கால் 2 எண்ணி இழுத்து, சூடான காப்பியை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து 4 எண்ணி விடுங்க. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் பக்கம் எப்படி வீசும் என்று தெரியுமே! தெம்பு இருக்கும்போதே எதிர்காற்றில் போய்விட்டு, திரும்பும்போது காற்று முதுகில் இருக்கட்டும். பஞ்சு பறக்கிற தறிக்கூடத்துப் பக்கம் போக வேண்டாம்.

கீமோவுக்குப் பின் ஏறக்குறைய 7 முதல் 14 நாளில், ரத்தத்தில் கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் இறங்கும். அப்போது சந்தைக் கூட்டம் ஆகாது. கட்டுத்தறியில் சாணி வழிப்பது, பூஞ்சை பிடித்த சோளத்தட்டைப் பிரிப்பது இரண்டும் கூடவே கூடாது. அந்தத் தூசியிலுள்ள பூஞ்சை நேராக நுரையீரலுக்குப் போகும். கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைக்கிறவர்களுக்கு அசதி வாரா வாரம் கூடும். கடைசி வாரத்தில் நடை குறைந்தால் அது சோம்பல் அல்ல.

நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் குனிந்து தூக்குவதும் இடுப்பைத் திருகுவதும் வேண்டாம். ஆபரேஷன் ஆனவர்கள், டாக்டர் சொல்லும்வரை நிறைகுடத்தைத் தொடவே வேண்டாம். ஆனால் அந்தப் பக்கத்துக் கையைச் சும்மா விட்டால் தோள் இறுகிவிடும். எப்போது தொடங்கலாம் என்று கேட்டுக்கொண்டு, சுவரில் விரலை நடக்கவிட்டு, கையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிப் பழகுங்க. பாதம் மரத்துப்போனவர்களுக்கு ஹவாய் செருப்பு ஆகாது, குதிகாலில் வார் உள்ளது வேண்டும்.

நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, திடீர் மூச்சுத் திணறல், சளியில் ரத்தம், 100.4 டிகிரிக் காய்ச்சல் — இதில் ஒன்று வந்தாலும் பயிற்சியை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

வாரம் ஒரு நாள், 30 வினாடியில் எத்தனை தடவை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்று காலண்டரில் குறியுங்க. அடுத்த கீமோவுக்குப் போகும்போது ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு அதையும் எடுத்துப் போங்க. போன தடவை 10 எழுந்தவர் இப்போது 6தான் என்றால், ஹீமோகுளோபின் இறங்கிவிட்டதா என்று டாக்டர் பார்ப்பதற்கு அது ஒரு துப்பு.