பதினோரு மணிப் படபடப்பு

வணக்கம் நேயர்களே.

இப்போது வானொலி கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களில் பலர் இன்னும் காலைச் சாப்பாடு சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். மணி பத்தாகப் போகிறது. எல்லாரும் கிளம்பியாயிற்று, பாத்திரம் தொட்டியில் கிடக்கிறது, இதையும் கழுவிவிட்டு உட்காரலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். வேண்டாம். தட்டைப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டபடியே கேளுங்கள். நான் பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.

நான் பல வருடங்களாக உணவு ஆலோசகராக இருக்கிறேன். சர்க்கரைக்காகவோ எடைக்காகவோதான் என்னிடம் வருவார்கள். 45 வயதைத் தாண்டிய பெண்களிடம் மட்டும் ஒரு வழக்கம் பார்த்திருக்கிறேன். எல்லாம் பேசி முடித்து, பையை எடுத்துக்கொண்டு, கதவு வரை போய்த் திரும்பி நின்று, "மேடம், இன்னொண்ணு. காரணமே இல்லாம திக்குதிக்குன்னு இருக்கு, பயமா வருது" என்பார்கள். வந்ததே அதற்காகத்தான். அதைக் கடைசியில் சொல்கிறார்கள்.

நம் ஊர்ப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது பெரும்பாலும் 46, 47 வயதை ஒட்டி. அதற்குச் சில வருடங்கள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன் ஏறி இறங்கத் தொடங்கிவிடும். திடீர்ச் சூடு, வியர்வை, தூக்கம் கெடுவது எல்லாம் எல்லாரும் அறிந்ததுதான். பயமும் அதில் சேர்த்தி என்று யாரும் சொல்வதில்லை. அமெரிக்காவில் 1990-களில் தொடங்கி ஆயிரக்கணக்கான பெண்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்த 'ஸ்வான்' என்ற ஆய்வு இருக்கிறது. முன்பு பதற்றமே அதிகம் இல்லாதவர்களுக்குக்கூட, இந்தப் பருவத்தில் அது கூடும் வாய்ப்பு அதிகம் என்று அதில் கண்டார்கள். "நான் எதுக்கும் பயந்தவளே இல்ல மேடம்" என்று அழுகிறார்களே, அவர்கள் சொல்வது உண்மைதான்.

ஒரு டீச்சரம்மா கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு 48 வயது, உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறவர். மூன்றாவது பீரியட் வந்தால் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், பிள்ளைகள் முன்னால் விழுந்துவிடுவோமோ என்று பயம் வரும். சாக்பீஸ் பிடித்த கை நடுங்குகிறது என்று கரும்பலகையில் எழுதுவதையே குறைத்துக்கொண்டார். ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், எல்லாம் நார்மல். ஒரு மருத்துவமனையில், "ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிட்டார்கள். மாமியார் தர்காவுக்குப் போய்த் தாயத்து வாங்கி வந்து கட்டினார். அதற்கும் மூன்றாவது பீரியட் மசியவில்லை.

நான் அவரிடம் ஒரு நோட்டு போடச் சொன்னேன். இரண்டே விஷயம்: படபடப்பு வந்த மணி, அதற்கு முன் கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, என்ன. கணக்கு டீச்சர் இல்லையா, கோடு போட்டு, கட்டம் கட்டி எழுதிக்கொண்டு வந்தார். காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் ஃபில்டர் காபி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஏழரைக்கு இன்னொரு காபி. வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் தோசை சுட்டு, டிபன் பாக்ஸ் கட்டி, பஸ் பிடிக்கும் அவசரத்தில் தனக்கு அடுப்பு மேடையில் நின்றபடி ஒரு தோசை, சர்க்கரை தொட்டு. சில நாள் அதுவும் இல்லை. பதினொன்றுக்குப் படபடப்பு. பதினொன்றே காலுக்கு ஸ்டாஃப் ரூமில் டீயும் இரண்டு பிஸ்கட்டும். பதினொன்றரைக்கு எல்லாம் சரி. சாயங்காலம் நாலரைக்கு மறுபடி. வெள்ளிக்கிழமை விரதம், அன்றைக்குத்தான் ரொம்ப மோசம்.

நோட்டை என் முன்னால் விரித்து வைத்துவிட்டு அவரே கேட்டார்: "டீ குடிச்சா போயிடுதே மேடம், மனசு டீ குடிச்சா சரியாகுமா?"

இப்போது உடம்புக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். வெறும் மாவும் சர்க்கரையுமாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும், அதைப் பிடிக்க இன்சுலின் பாயும், பிறகு சர்க்கரை அதே வேகத்தில் இறங்கும். இறக்கத்தைத் தடுக்க உடம்பு அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கல்லீரலில் இருக்கும் சர்க்கரை இருப்பை எடுத்து ரத்தத்தில் விடு என்று அது சொல்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் பாம்பைப் பார்த்தால் சுரப்பதும் இதே அட்ரினலின்தான். காலிங் பெல் ஒன்றுதான், வந்திருப்பது பால்காரரா கடன்காரரா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. நெஞ்சு அடித்துக்கொண்டால், கை நடுங்கினால், வியர்த்தால், மனசு தானாக ஒரு காரணம் தேடும். ஏதோ நடக்கப்போகிறது என்று முடிவு கட்டிவிடும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுக்காதவர்களுக்கு உண்மையான தாழ்சர்க்கரை, அதாவது 70 மில்லிகிராமுக்குக் கீழே போவது, அபூர்வம். படபடப்பு வரும்போது விரலில் குத்திப் பார்த்தால் பலருக்கு 85, 90 என்று காட்டும். மெஷின் நார்மல் என்கிறது, அப்படியானால் சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று உடனே தள்ளிவிட வேண்டாம். மேலே இருந்து சடாரென்று இறங்கும்போதே சிலருக்கு உடம்பு பதறும். அதோடு வெறும் வயிற்றுக் காபியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். காபியில் இருக்கும் கஃபீனே அட்ரினலினைத் தூண்டுவது, அதில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் போல ஆகும். ஐந்தரைக் காபியும் ஏழரைக் காபியும் பதினோரு மணிக்கு இன்னும் உள்ளேதான் இருக்கின்றன.

சரி, இதே தோசையும் காபியும் முப்பது வயதில் ஒன்றும் செய்யவில்லையே? செய்யவில்லைதான். ஈஸ்ட்ரோஜன் இருந்தவரை இன்சுலின் நன்றாக வேலை செய்தது. அது குறையக் குறைய இன்சுலினுக்கு உடம்பு செவிசாய்ப்பது குறைகிறது, கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுகிறது. மூளையில் உடல் வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் பகுதியும் இந்தப் பருவத்தில் பொறுமை இழந்துவிடுகிறது, கொஞ்சம் சூடு ஏறினாலும் வியர்வையைத் திறந்துவிடும். இரவில் அந்த வியர்வையில் இரண்டு முறை எழுந்தால் தூக்கம் போச்சு. தூக்கம் கெட்ட மறுநாள் இன்சுலின் இன்னும் மந்தம். ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வருகிறது. ஏற்கெனவே நம் நாட்டில் 13 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறார்கள் என்று 2023-இல் வந்த ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. அவர்களில் இந்த வயதுப் பெண்களும் நிறையப் பேர் இருப்பார்கள்.

டீச்சரம்மாவுக்கு நான் பெரிய மெனு எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. காபியைத் தோசைக்குப் பின்னால் தள்ளச் சொன்னேன், ஐந்தரைக்கு வெந்நீர் போதும். அவர் முட்டை சாப்பிட மாட்டார். அதனால் வாரத்தில் பாதி நாள் அடை அல்லது பாசிப்பயறு தோசை. இட்லி நாளில் கூடவே ஒரு கிண்ணம் சுண்டல், சாம்பாரில் பருப்பைத் தாராளமாகப் போடுவது. ஒரு இட்லியில் புரதம் 2 கிராம் போலத்தான் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். நாலு இட்லியைத் தேங்காய்ச் சட்னியோடு சாப்பிட்டுவிட்டு வயிறு நிறைந்தது என்கிறோம், பதினொன்றுக்கு அது எங்கே போனதென்றே தெரியாது. ஸ்டாஃப் ரூமில் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. முக்கியமாக, உட்கார்ந்து சாப்பிடுவது. இதற்குத்தான் அவர் வீட்டில் சண்டையே நடந்தது.

சில வாரங்களில் மூன்றாவது பீரியட் பெரும்பாலும் சாதாரண பீரியட் ஆகிவிட்டது. இரவு வியர்வை போகவில்லை, அதை மகப்பேறு மருத்துவரிடம்தான் அனுப்பினேன். சாப்பாடு எல்லாவற்றையும் சரி செய்யும் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

எனக்கு ஒரு தீராத கோபம் உண்டு, எங்கே பேசப் போனாலும் சொல்லிவிடுவேன். பெண்கள் கடைசியில் சாப்பிடுவது. எல்லாருக்கும் பரிமாறி, காய் தீர்ந்து, குழம்பில் காரமும் எண்ணெயும் மட்டும் மிஞ்சி, அதில் சோற்றைப் பிசைந்து சாப்பிடுவது. பருப்பும் காயும் முட்டையும் மற்றவர் தட்டுக்குப் போய்விடும், சோறு மட்டும் நம் தட்டுக்கு. மாதவிடாய் நிற்கும் வயதில், காயும் புரதமும் அதிகம் தேவைப்படும் வயதில் இப்படி. கேட்டுக்கொண்டிருக்கும் ஆண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மனைவி காரணமில்லாமல் எரிந்து விழுகிறாள் என்றால், எதற்கு என்று கேட்பதற்கு முன், சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

இன்னொன்று, சத்துமாவுக் கஞ்சி. சிறுதானியம் என்றால் சர்க்கரை ஏறாது என்று நம்பி, மாவாக அரைத்து, கூழாகக் காய்ச்சி, வெல்லம் போட்டுக் குடிக்கிறார்கள். தானியம் எவ்வளவு நைசாகிறதோ அவ்வளவு வேகமாகச் சர்க்கரை ஏறும், அது கம்பாக இருந்தாலும் சரி, கேழ்வரகாக இருந்தாலும் சரி. கஞ்சிதான் வேண்டும் என்றால் வெல்லத்தை விட்டு மோர் ஊற்றி, பக்கத்தில் சுண்டல் வைத்துக்கொள்ளுங்கள். வாயில் மெல்ல ஏதாவது இருக்கட்டும்.

இரவுச் சாப்பாட்டைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். அதனால் வேகமாக. ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பிடுங்கள், காயை முதலில், சோற்றைக் கடைசியில். சாப்பிட்டபின் பத்து நிமிடம் மாடியில் நடந்தாலே சர்க்கரை ஏற்றம் குறையும்.

கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விரதம் இருக்க வேண்டாம், அவர்களுக்குச் சர்க்கரை உண்மையாகவே ஆபத்தான அளவுக்கு இறங்கும். படபடப்பு இருப்பவர்கள் தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள், இரண்டிலும் இதே அறிகுறிதான். சாப்பாட்டு நேரத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் நாள் முழுக்கப் பயம், தூக்கமே இல்லை என்றால் மனநல மருத்துவரிடம் போகத் தயங்காதீர்கள், அதற்கு நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன. நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ கையிலோ வலி, மூச்சு வாங்குவது, இவை இருந்தால் நோட்டெல்லாம் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம், உடனே 108.

நன்றி, வணக்கம்.