பரம் வீர் சக்ரா: பதக்கத்துக்குள் ஒரு முதுகெலும்பு

வணக்கம். இந்தியாவின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதில் வாளும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. இருப்பது ஒரு முனிவர் மனமுவந்து கொடுத்த எலும்பு. அந்த எலும்பைத் தேர்ந்தெடுத்து வரைந்தவரோ சுவிட்சர்லாந்தில் பிறந்த பெண்மணி. நம்பமுடியவில்லை என்றால் இறுதிவரை பாருங்கள்.

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்ட இவ்விருது, 1947 ஆகஸ்ட் 15 முதல் முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தது.

இப்போது திரையில் தெரியும் பதக்கத்தைப் பாருங்கள். குறுக்களவு ஏறத்தாழ 3.5 சென்டிமீட்டர், பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியது. தங்கமோ வெள்ளியோ அன்று, வெறும் வெண்கலம். நடுவில் அரசுச் சின்னம், அதைச் சுற்றி நான்கு வச்சிராயுதங்கள். பின்புறத்தில் விருதின் பெயர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பொறிக்கப்பட்டிருக்க, இரண்டுக்கும் இடையே தாமரை மலர்கள் இருக்கின்றன.

அந்த வச்சிரத்தில்தான் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது. விருத்திராசுரனை எந்த ஆயுதத்தாலும் வெல்லமுடியாமல் தவித்த இந்திரன், ததீசி முனிவரிடம் சென்று அவருடைய எலும்பையே யாசித்தான். தேவர்களின் தலைவனே கையேந்தி நிற்க, காட்டில் தவமிருந்தவர் மறுப்பேதும் சொல்லாமல் உயிரைத் துறந்தார். அவருடைய முதுகெலும்பிலிருந்து வச்சிராயுதம் உருவானது. வென்றவன் இந்திரன் என்றாலும், இப்பதக்கம் நினைவில் வைத்திருப்பது கொடுத்தவரைத்தான் என்பது என் கருத்து. இதுவரை இவ்விருதைப் பெற்ற 21 பேரில் 14 பேருக்கு அது மறைவுக்குப் பின்னரே வழங்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தால், இதைவிடப் பொருத்தமான உருவம் வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இதை வரைந்தவர் சாவித்திரி கானோல்கர். ஈவ் என்ற பெயருடன் நியூஷாட்டெல் நகரில் பிறந்து, இந்திய இராணுவ அதிகாரியான விக்ரம் கானோல்கரை மணந்து, பெயரை மாற்றிக்கொண்டு, சமஸ்கிருதமும் புராணங்களும் ஆழ்ந்து கற்றவர். புதிய விருதுகளை உருவாக்கும் பொறுப்பை ஏற்றிருந்த மேஜர் ஜெனரல் ஹீரா லால் அடல், அவருடைய புராண அறிவை அறிந்தே இப்பணியை ஒப்படைத்தார். நம் வீட்டுப் பாட்டிகள் சொல்லிய கதையை ஐரோப்பாவிலிருந்து வந்தவர் வெண்கலத்தில் வார்க்கச் செய்தார் என்பது எனக்கு இன்னமும் வியப்பாகவே இருக்கிறது.

வியப்பு அத்துடன் முடியவில்லை. இவ்விருதின் முதல் வீரர் மேஜர் சோம்நாத் சர்மா. 1947 நவம்பர் 3 அன்று, காஷ்மீரின் பட்காமில், மாவுக்கட்டுப் போட்ட கையுடன் போரிட்டு மடிந்தவர். அவருடைய உடன்பிறந்தவரை மணந்தவர் சாவித்திரியின் மகள்.

கடைசியாக நாடாவுக்கு வருவோம். 32 மில்லிமீட்டர் அகலம், ஒரே ஊதா நிறம். கோடுகளோ கரைகளோ கிடையாது. பதக்கமின்றி நாடாவை மட்டும் சீருடையில் அணியும்போது, அந்த ஊதாவின் நடுவில் சின்னஞ்சிறு வச்சிரம் ஒன்றைப் பொருத்துகிறார்கள். வெண்கல வட்டம் பெட்டிக்குள் இருந்தாலும் ததீசியின் எலும்பு வீரரின் மார்பிலேயே இருக்கிறது.