பாதாள வாசலைப் பார்க்கத் தைனாரோ வரை போகலாமா?

அடுத்த கேள்விக்கு வருகிறேன். ஒரு நேயர் கேட்கிறார்: "செப்டம்பரில் குடும்பத்தோடு கிரேக்கம் போகிறோம். தெற்குக் கோடியில் தைனாரோ முனையில், மரண தேவன் ஹேடீஸின் பாதாள உலகத்துக்கு இறங்கும் குகை இருக்கிறது என்கிறார்கள். உள்ளே போக முடியுமா? ஏதென்ஸிலிருந்து அவ்வளவு தூரம் போய் ஏமாந்துவிட மாட்டோமே?"

குகைக்காக மட்டும் என்றால் ஏமாந்துதான் போவீர்கள். மற்றபடி, தாராளமாகப் போகலாம்.

முதலில் கதை. மன்னன் யூரிஸ்தியஸ் கிரேக்க மாவீரன் ஹெராக்ளிஸுக்குப் பன்னிரண்டு வேலைகள் கொடுத்தான் இல்லையா, அதில் கடைசி வேலை, பாதாளத்தைக் காக்கும் கெர்பெரோஸ் என்ற நாயை மேலே கொண்டுவருவது. அந்த நாயை இழுத்துக்கொண்டு அவன் வெளியே வந்த இடம் தைனாரோ என்பார்கள். செத்துப்போன மனைவி யூரிடிசியைத் தேடிப் பாடகன் ஆர்ஃபியஸ் இறங்கியதும் இந்த வழியாகத்தான் என்று ரோமானியக் கவிஞர்கள் பாடினார்கள்.

சரி, அங்கே என்ன இருக்கிறது? சின்ன விரிகுடா, கூழாங்கல் கரை, அதை ஒட்டிப் பாறையில் ஒரு குழிவு. அவ்வளவுதான். இன்னொரு குகை கடல் பக்கமாக இருக்கிறது, அதற்குப் படகு வேண்டும், கடலும் அமைதியாக இருக்க வேண்டும். இதில் ஏமாந்தவர்கள் நாம் மட்டும் இல்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பௌசானியாஸ் என்ற பயண எழுத்தாளர் இந்த இடத்தைப் பற்றி எழுதும்போதே, குகைக்குள்ளிருந்து பூமிக்கு அடியில் போகும் வழி எதுவும் இல்லை என்று எழுதிவைத்துவிட்டார். கொடிய விஷப்பாம்பு ஒன்று அங்கே இருந்தது, கடித்தால் உடனே சாவு, அதனால் அதை 'ஹேடீஸின் நாய்' என்றார்கள் என்று ஹெக்கடேயஸ் என்ற எழுத்தாளர் அவருக்கும் முன்பே சொன்ன விளக்கத்தையும் சேர்த்திருக்கிறார். அவர் சொல்லும் இன்னொரு செய்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே ஒரு ஊற்று இருந்ததாம், எட்டிப் பார்த்தால் துறைமுகங்களும் கப்பல்களும் தெரியுமாம். ஒரு பெண் அழுக்குத் துணியை அதில் அலசினாள், அன்றோடு எதுவும் தெரியாமல் போய்விட்டதாம்!

ஆனால் குகையை விட்டுவிட்டுச் சுற்றிப் பாருங்கள். விரிகுடாவுக்கு மேலே கூரை போன ஒரு சின்னத் தேவாலயம் நிற்கும், அசோமடோன் என்று பெயர். அதன் சுவரைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். ஒரு பகுதியில் பெரிய பெரிய, சதுரமாகச் செதுக்கிய கற்கள், அதை ஒட்டியே கைக்கு அகப்பட்டதை வைத்து அடைத்த மாதிரிப் பொடிக்கற்கள். அந்தப் பெரிய கற்கள் கடல் தெய்வமான பொசைடனின் பழைய கோயிலைச் சேர்ந்தவை.

அந்தக் கோயில் அடைக்கலம் தேடுவோர் ஓடிவந்த இடம். அடைக்கலம் புகுந்தவரைத் தொடக்கூடாது என்பது விதி. ஸ்பார்ட்டா என்ற பழைய கிரேக்க நகர அரசு அதை மீறியது. அங்கே தஞ்சமடைந்த, ஹெலட் எனப்பட்ட தங்கள் அடிமைகளை வெளியே அழைத்துப் போய்க் கொன்றார்கள். கி.மு. 464 வாக்கில் ஸ்பார்ட்டாவை நொறுக்கிய நிலநடுக்கம் அந்தப் பாவத்துக்கு வந்த தண்டனை என்று ஸ்பார்ட்டாக்காரர்களே நம்பியதாக வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதுகிறார்.

அவரே சொல்லும் இன்னொரு சம்பவமும் இங்கே நடந்ததுதான். பௌசானியாஸ் என்ற ஸ்பார்ட்டாத் தளபதி (முன்பு சொன்ன எழுத்தாளர் வேறு, இவர் வேறு) பாரசீகத்தோடு ரகசியமாகக் கடிதம் நடத்தினார். கடிதம் கொண்டுபோன ஆட்கள் ஒருவரும் திரும்பவில்லை. அடுத்து அனுப்பப்பட்டவன் சந்தேகப்பட்டுப் பிரித்துப் பார்த்தால், கொண்டுவருபவனைக் கொன்றுவிடு என்று உள்ளே எழுதியிருக்கிறது. அவன் தைனாரோவுக்கு ஓடி, நடுவில் தடுப்பு வைத்த ஒரு குடிசையில் உட்கார்ந்துகொண்டான். தடுப்புக்குப் பின்னால் ஸ்பார்ட்டா அதிகாரிகள் ஒளிந்திருந்தார்கள். தளபதி வந்து அவனைச் சமாதானப்படுத்தினார், எல்லாவற்றையும் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார். ஹெராக்ளிஸ் கதையைவிட இதை நினைத்துக்கொண்டு அங்கே நின்றால் சுவாரசியம் அதிகம் என்பேன்.

போகும் வழி. ஏதென்ஸிலிருந்து காரில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், அதனால் ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்க வேண்டாம். அரேயோபோலியிலோ கெரோலிமெனாஸிலோ இரவு தங்குங்கள். கடைசித் தூரம் மானி மலைகளின் வளைவுச் சாலை, பேருந்தை நம்ப முடியாது. இந்திய உரிமத்தோடு வண்டி வாடகைக்கு எடுப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைப் புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள். வழியில் வாத்தியா என்ற கிராமத்தில் நிறுத்துங்கள். குடும்பப் பகையில் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ள வசதியாகக் கோபுரம் கோபுரமாகக் கட்டிய கல்வீடுகள், இன்று பெரும்பாலும் ஆளில்லாமல் நிற்கின்றன.

சாலை முடியும் இடத்தில் ஒரு உணவகம் உண்டு. அங்கிருந்து கலங்கரை விளக்கம் வரை சுமார் இரண்டு கிலோமீட்டர், நடைதான். 1882இல் கட்டியது. கிரேக்கத்தின் பெருநிலப்பரப்பு அங்கே முடிகிறது. போகும் வழியிலேயே ரோமானியர் காலத்து வீட்டுத் தரை ஒன்று, அலை அலையாகச் சுழலும் வட்டப் பூவேலையோடு வெட்டவெளியில் கிடக்கும். நுழைவுச்சீட்டு கிடையாது, காவலும் கிடையாது. தயவுசெய்து மிதிக்காதீர்கள், பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரிலும் வெயில் காட்டமாகத்தான் இருக்கும், வழி நெடுக நிழலே இல்லை. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள், ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே கலங்கரை விளக்கம் வரை நடந்து திரும்பிவிட்டு, அப்புறம் விரிகுடாவில் குளிக்கலாம், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். குகையை அந்தக் குளியலுக்கு நடுவே எட்டிப் பார்த்தால் போதும்.