மயில்வாகனத்தின் மூன்று பெயர்கள்

(மட்டக்களப்பில் உளவளத்துணை பயிலும் ஆசிரியர்களிடையே பேசியது)

உங்கள் ஒப்படைகளை வாசித்து முடித்துவிட்டேன். ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்து ஆளுமைக் கோட்பாடுகளோடு பொருத்திப் பாருங்கள் என்று கேட்டிருந்தேன். பாதிப் பேர், மயில்வாகனமாகப் பிறந்து துறவியான தமிழறிஞர் விபுலாநந்த அடிகளைத்தான் எடுத்திருக்கிறீர்கள். கல்லடிப் பாலத்தைத் தாண்டினால் சமாதி, காரைதீவுக்குப் போனால் பிறந்த ஊர். வேறு யாரை எடுப்பீர்கள்?

ஆனால் ஒன்று. எல்லா ஒப்படையிலும் எல்லாக் கோட்பாடும் அச்சொட்டாகப் பொருந்திவிடுகிறது. அதுதான் எனக்குச் சந்தேகம்.

பொருந்துவதற்கு ஆசைப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டே சாட்சி. 1910இல் லியோனார்டோ டா வின்சியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தொட்டிலில் கிடந்தபோது ஒரு பறவை வந்து வாலால் தன் உதட்டில் அடித்ததாக லியோனார்டோ எழுதி வைத்திருந்தார். ஃபிராய்ட் பார்த்த ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அது பிணந்தின்னிக் கழுகு. உடனே எகிப்துக்குப் போனார். அங்கே கழுகுத் தலையோடு ஒரு தாய்த் தெய்வம் இருக்கிறது. ஆகவே லியோனார்டோவின் மனதில் தாய் எப்படி இருந்தாள் தெரியுமா என்று கட்டிக்கொண்டே போனார். இத்தாலிய மூலத்தில் இருந்தது பருந்து! கழுகு பறந்ததோடு எகிப்தும் போய்விட்டது. ஃபிராய்டுக்கே இந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்.

சரி, அடிகளிடம் வருவோம். 1892இல் பிறந்த மயில்வாகனம், 1916இல் கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமா பெறுகிறார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறுகிறார். 1920இல் லண்டன் பல்கலைக்கழக பி.எஸ்ஸி. பட்டம், மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபர் பதவி. 1922இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சென்னையில் இராமகிருஷ்ண மடத்தில் சேருகிறார். அங்கே முதலில் பிரபோத சைதன்யர், 1924இல் துறவு பெற்றதும் விபுலாநந்தர்.

இவருக்கு, ஆளுமையை ஐந்து குணங்களால் அளக்கும் இன்றைய ஐந்து காரணிக் கோட்பாட்டின்படி மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள். புதியதை நாடும் குணம் மிக அதிகம், ஒழுங்கு மிக அதிகம் என்று. போடுங்கள், தப்பில்லை. ஆனால் 1916இன் மயில்வாகனத்துக்கும் 1924இன் விபுலாநந்தருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தானே வரும்? அப்படியானால் அந்தக் காவி உடையை அந்த அட்டவணையில் எங்கே வைப்பது?

அந்த இடத்தில்தான் உளவியலாளர் எரிக் எரிக்சன் தேவைப்படுகிறார். நான் யார் என்ற கேள்விக்கு இளவயதில் ஒருவர் எப்படிப் பதில் தேடிக்கொள்கிறார் என்பதே அவருடைய அக்கறை. 1958இல் கிறிஸ்தவ மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரையும் 1969இல் காந்தியையும் அப்படி எழுதிக் காட்டினார். அவர் கதையும் சுவையானது. பெற்ற தகப்பன் யாரென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. வளர்த்தவரின் ஹோம்பர்கர் என்ற பெயரோடு வளர்ந்து, அமெரிக்கக் குடியுரிமை பெறும்போது தனக்குத் தானே எரிக்சன் என்று பெயர் வைத்துக்கொண்டார். எரிக்கின் மகன் எரிக்! ஒருவர் ஏன் பெயரை மாற்றுகிறார் என்று கேட்க அவரைவிடத் தகுதியான ஆள் யார்?

ஆனாலும் அவரையும் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்க வேண்டாம். லூதரின் கதையில் முன்னுக்கு நிற்பது தகப்பனோடு மல்லுக்கட்டும் மகன். நம் பக்கத்தில் கோயிலடியில் ஒரு பிள்ளையை மறித்து என்ன கேட்பார்கள்? 'நீ என்ன குடி மனே?' குடி என்ற வம்சப் பிரிவு தாய்வழியில் வருவது. வீடு வளவு மகளுக்கு. மகன் கலியாணம் முடித்துப் பெண்சாதி வீட்டுக்குப் போகிறவன். தாய் வீட்டை விட்டுப் புறப்படுவது இங்கே ஆண்பிள்ளைக்கு எழுதப்பட்ட வழி. ஆக, மயில்வாகனம் புறப்பட்டதில் புதுமை இல்லை. இன்னொரு வீட்டுக்குப் போகாமல் விட்டதுதான் புதுமை. இதை ஒருவர்கூட எழுதவில்லையே! இந்த மண்ணில் பிறந்தவர்கள்தானே நீங்கள்?

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். விஞ்ஞான வாத்தியார் துறவியாகிவிட்டார், பழையவர் போய்விட்டார் என்றுதான் பலரும் முடித்திருக்கிறீர்கள். போனாரா? பழந்தமிழ் இசைக்கருவியான யாழைப் பற்றி அடிகள் எழுதிய யாழ்நூலைத் திறந்து பாருங்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வைத்துக்கொண்டு, வழக்கொழிந்துபோன யாழின் நரம்பையும் சுரத்தையும் கணக்குப் போட்டு மீட்டெடுக்கிறார். அது பௌதிகமும் கணிதமும் தெரிந்தவர் கை. அதே நூலில், நம் வாவியில் மீன்கள் பாடுவதாகச் சொல்வோமே, அந்த மீன்பாட்டும் நீரர மகளிராக, அதாவது நீரில் வாழும் தேவமகளிராக, வந்து பாடுகிறது. அந்த நூல் 1947 ஜூனில் அரங்கேறியது. ஜூலையில் அவர் கண்ணை மூடினார். 1916இல் இரண்டு பரீட்சை எழுதிய அதே பொடியன் அந்த நூலுக்குள் உட்கார்ந்திருக்கிறான். மாறியதை எரிக்சன் விளக்குவார், மாறாததை ஐந்து காரணி காட்டும். இரண்டையும் ஒரே தாளில் எழுதி மோதவிட்டவர் உங்களில் ஒரே ஒரு ஆள்; அவருக்குத்தான் அதிகப் புள்ளி.

ஒப்படைகளைத் திருப்பித் தருகிறேன். அடிகளை எடுத்தவர்களும் சரி, வேறு ஆளை எடுத்தவர்களும் சரி, உங்கள் கோட்பாட்டுக்குள் அடங்காமல் துருத்திக்கொண்டு நிற்கிற ஒரு சம்பவத்தைத் தேடிப் பிடியுங்கள். அதைப் பற்றி மட்டும் ஒரு பக்கம். அடுத்த சனிக்கிழமை.